குழந்தையின் ரிப்போர்ட்டில் பெரியவர்களின் அளவு: ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரத்தப் பரிசோதனை நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் நிபுணர்களுக்கும், அந்த ரிப்போர்ட்டை அச்சடிக்கும் சாஃப்ட்வேரை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

குழந்தைகளின் சிறுநீரகக் கோளாறுகளைக் கவனிக்கும் மருத்துவர் நான். உங்கள் ரிப்போர்ட் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் ஓடாது. அந்த உரிமையில்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

இரண்டு வயதுக் குழந்தையின் கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் ஒரு கழிவு) முடிவுக்குப் பக்கத்தில் ‘நார்மல்: 0.6 – 1.2’ என்று அச்சாகி வருகிறது. அது வளர்ந்தவர்களுக்கான அளவு. ரிப்போர்ட்டின் மேல் பகுதியில் குழந்தையின் பெயரும் வயதும் சரியாகவே இருக்கும். கீழே அச்சாகும் அளவுக்கு மட்டும் அந்த வயது எட்டவே எட்டாது.

இதனால் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. ஒன்று ஊரைக் கூட்டும், இன்னொன்று வாயே திறக்காது.

ஊரைக் கூட்டுவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஓடியாடித் திரியும் ஒரு குழந்தைக்கு கிரியேட்டினின் 0.3 வருகிறது. அந்த வயதுக்கு அது சரியான அளவு. ஆனால் 0.6-க்குக் கீழே இருப்பதால் உங்கள் கணினி பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எல்’ என்று, அதாவது குறைவு என்று, போட்டுவிடுகிறது. பெற்றோர் அன்றிரவே போனை எடுத்துத் தேடுகிறார்கள். கிரியேட்டினின் குறைந்தால் தசை நோயா, கல்லீரல் நோயா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவிட்டு, தூங்காத கண்ணோடு மறுநாள் காலையில் வந்து நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற விஷயம்தான். தொல்லை உண்டு, ஆபத்து இல்லை.

வாயைத் திறக்காத தவறுதான் ஆபத்து. அதே வயதுக் குழந்தை ஒன்றுக்கு 0.8 வருகிறது என்று வையுங்கள். 0.6-க்கும் 1.2-க்கும் நடுவே பாந்தமாக உட்காரும் எண். அதிகம் என்னும் ‘எச்’ இல்லை, ‘எல்’ இல்லை, சிவப்பு மையும் இல்லை. பார்க்கிறவர் ‘கிட்னி நார்மல்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்க, ஒன்று முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2009-இல் வெளியான திருத்திய ஷ்வார்ட்ஸ் சூத்திரம் இருக்கிறது: செண்டிமீட்டரில் உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலுள்ள கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். குழந்தையின் உயரம் 85 செண்டிமீட்டர் என்றால் விடை ஏறக்குறைய 44. இரண்டு வயதில் இது 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதாவது வடிகட்டும் திறனில் பாதிக்கு மேல் போய்விட்டது. ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு அறிகுறிகூட இல்லை.

அளவே அச்சிடாமல் வெறும் 0.8 என்று கொடுத்திருந்தால்கூட, படிக்கிறவர் ‘இந்த வயதுக்கு இது சரியா’ என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார். பக்கத்தில் நிற்கும் தவறான அளவு அந்த யோசனைக்கே இடம் கொடுப்பதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்காகக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரியேட்டினின் சிறுநீரகத்தில் உண்டாவதில்லை. தசையில் இருக்கும் கிரியேட்டின் சிதைந்து உண்டாவது அது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். தசை எவ்வளவோ அதற்கு ஏற்ற வரத்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்கு ஏற்ற செலவு. இரண்டும் சேர்ந்துதான் ரத்தத்தில் நாம் பார்க்கும் எண்ணைத் தீர்மானிக்கின்றன. பத்து கிலோ குழந்தைக்கும் எழுபது கிலோ ஆளுக்கும் வரத்து எப்படி ஒன்றாக இருக்கும்?

பிறந்த குழந்தைக்கு இது இன்னும் சிக்கல். முதல் ஓரிரு நாளில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தாயின் கிரியேட்டினின். தாய்க்கு 0.8 இருந்தால் குழந்தைக்கும் ஏறக்குறைய அதுவே இருக்கும். அப்போது குழந்தையின் சிறுநீரக வடிகட்டும் திறன், உடல் பரப்புக்குச் சரிசெய்து பார்த்தால், 20 அளவில்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பாகும். இரண்டு வயது வாக்கில் பெரியவர்களின் அளவை எட்டிவிடும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு ஓரிரு வாரத்தில் கிரியேட்டினின் 0.4 அளவுக்கு இறங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் அது கொஞ்சம் ஏறிவிட்டுக்கூட இறங்கலாம், இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே மூன்றாம் நாளில் 0.8 என்பது ஒன்று, மூன்றாம் மாதத்தில் 0.8 என்பது முற்றிலும் வேறு. பிறந்த தேதியும் எத்தனை வாரக் கர்ப்பத்தில் பிறந்தது என்பதும் தெரியாமல் பச்சிளங்குழந்தையின் கிரியேட்டினினுக்கு யாராலும் பொருள் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

அப்புறம் தசை வளர வளர எண் மெல்ல ஏறும். என்சைம் முறையில் (நொதியைக் கொண்டு அளக்கும் முறை) அளந்தால், இரண்டு மாதம் முதல் மூன்று வயது வரை ஏறக்குறைய 0.2 முதல் 0.4 வரை. ஐந்து ஆறு வயதில் 0.3 முதல் 0.5 வரை. பதினொன்று பன்னிரண்டு வயதில் 0.4 முதல் 0.7 வரை. அதன்பின் ஆண் பிள்ளைகள் தனியே மேலே ஏறிப் பெரியவர்களின் அளவைத் தொடுவார்கள். இந்தக் காலம் முழுவதும், இரண்டு வயதைத் தாண்டிய பிறகு, சிறுநீரகத்தின் திறன் பெரிதாக மாறுவதே இல்லை. எண் மட்டும்தான் மாறுகிறது. இதற்கு ஒரே வரியில் நார்மல் போட முடியாது. குறைந்தது ஆறேழு வயதுப் படிகள் வேண்டும்.

இப்போது தசமப் புள்ளிக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். நான் அதிகமாக மல்லுக்கட்டுவது இதோடுதான்.

பல நிலையங்கள் கிரியேட்டினினை ஒரே ஒரு தசம இடத்தோடு கொடுக்கின்றன. 1.1, 1.2 என்று வாழ்கிற பெரியவர்களுக்கு அது போதும். 0.2-இலும் 0.3-இலும் வாழ்கிற குழந்தைக்கு அது மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது போல. திங்கட்கிழமை 0.24 வருகிறது, நீங்கள் 0.2 என்று அச்சடிக்கிறீர்கள். புதன்கிழமை 0.26 வருகிறது, 0.3 என்று அச்சடிக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான், இயந்திரத்தின் இயல்பான ஊசலாட்டம். காகிதத்தில் பார்த்தால் ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. சிறுநீரக நோய்களுக்கு உலக அளவில் வழிகாட்டிகள் வெளியிடும் கேடிகோ அமைப்பின் 2012 வழிகாட்டியின்படி, ஏழு நாட்களுக்குள் ஒன்றரை மடங்கு ஏறினால் அது திடீர் சிறுநீரகப் பாதிப்பின் முதல் கட்டம். வராத நோயை ஒரு தசமப் புள்ளி வரவைத்துவிட்டது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 0.25-லிருந்து 0.34-க்குப் போன குழந்தைக்கு இரண்டு நாளும் 0.3 என்றே வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியதைக் காகிதம் விழுங்கிவிடும். உங்கள் இயந்திரம் இரண்டாவது இடத்தையும் அளந்துதான் தருகிறது. அச்சடிக்கும்போது வெட்டிவிடுகிறீர்கள். அமெரிக்க அரசின் தேசிய சிறுநீரக நோய்க் கல்வித் திட்டம் மில்லிகிராம் கணக்கில் இரண்டு தசம இடங்கள் கொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே பரிந்துரைத்தது. மைக்ரோமோல் கணக்கில் கொடுக்கும் இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே முழு எண்ணே போதும், டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல் என்பதால்.

அளக்கும் முறையைப் பற்றியும் பேசியாக வேண்டும். மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்டறிந்த, கிரியேட்டினினோடு சேர்ந்து நிறம் காட்டும் பிக்ரிக் அமில வினையை இன்னமும் நம்பியிருக்கிறோம். மலிவு, வேகம், பழகிய கை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அந்த வினை கிரியேட்டினினோடு மட்டும் நிற்காது. புரதம், சர்க்கரை, கீட்டோன், சில செஃபலோஸ்போரின் மருந்துகள் எல்லாவற்றோடும் கொஞ்சம் நிறம் காட்டி எண்ணை ஏற்றும். மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின் எண்ணை இறக்கும். 1.2-இல் 0.1 பிசகினால் கண்டுகொள்ள வேண்டாம். 0.3-இல் அதே 0.1 பிசகினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. காமாலையோடு இருக்கும் பச்சிளங்குழந்தைக்கு இந்த முறையில் வரும் எண்ணை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

‘நாங்கள் திருத்தம் செய்துவிட்டோம்’ என்பீர்கள். தெரியும். புரதத்தால் வரும் மிகையை ஈடுகட்ட, ஒவ்வொரு முடிவிலிருந்தும் ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் திருத்தம் அது. அந்தத் தொகை பெரியவர்களின் புரத அளவை வைத்துத் தீர்மானித்தது. கைக்குழந்தையின் ரத்தத்தில் புரதம் குறைவு, ஆகவே கழிப்பது தேவைக்கு மேல் போய், எண் இருக்க வேண்டியதைவிடக் குறைந்து வரும். என்சைம் முறைக்குச் செலவு கூடுதல் என்பது உண்மைதான். எல்லாருக்கும் மாற்றச் சொல்லவில்லை. குழந்தைகளின் சாம்பிளுக்காவது மாற்றுங்கள். அதுவும் முடியாது என்றால் எந்த முறையில் அளந்தது என்று ரிப்போர்ட்டில் ஒரு சொல்லாவது போடுங்கள். ஒரு மாதம் ஓரிடத்தில் ஒரு முறை, அடுத்த மாதம் வேறிடத்தில் வேறு முறை என்று அளந்த இரண்டு எண்களை ஒப்பிட்டு நோய் கூடியதா குறைந்ததா என்று பேசுவது வீண் வேலை.

அடுத்தது ஈஜிஎஃப்ஆர், அதாவது சூத்திரத்தால் கணித்த வடிகட்டும் திறன். கிரியேட்டினின் கேட்டாலே சாஃப்ட்வேர் தானாக அதையும் கணக்குப் போட்டு அச்சடிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. நல்ல பழக்கம், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரம் அவர்களுக்காக உருவானது. அதில் உயரமே கிடையாது. மேலே சொன்ன இரண்டு வயதுக் குழந்தையை, ஆண் குழந்தை என்று கொண்டு, அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 0.8-க்கு 145 என்று வருகிறது. உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் 44. பாதித் திறனை இழந்த குழந்தைக்கு ‘அபாரமான கிட்னி’ என்று சான்றிதழ் கொடுக்கிறோம்.

ஆகவே இரண்டில் ஒன்று. சாம்பிள் எடுக்கும் சீட்டில் உயரத்துக்கு ஒரு கட்டம் வைத்து, நிரப்பி வந்தால் ஷ்வார்ட்ஸ் சூத்திரத்தில் கணக்கிடுங்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக்கொண்டு ஒன்று முதல் இருபத்தைந்து வயது வரை பயன்படும் சூத்திரமும் 2021-இல் வந்திருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளலாம். உயரம் வரவில்லை என்றால் அந்த வரியைக் காலியாக விடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஈஜிஎஃப்ஆர் அச்சிடவே வேண்டாம். இப்போது புழக்கத்தில் உள்ள இந்தச் சூத்திரங்கள் அவர்களுக்காக உருவானவை அல்ல. ‘மூன்றாம் கட்டம்’, ‘நான்காம் கட்டம்’ என்று நோயின் படியைப் போடுவதும் அப்படியே. அந்தப் பிரிவு இரண்டு வயதுக்குக் கீழே செல்லாது. பிறந்து மூன்று வாரமான குழந்தையின் திறன் 40 என்பது இயற்கை. அதைப் போய் ‘மூன்றாம் கட்டச் சிறுநீரக நோய்’ என்று அச்சடித்தால் அந்த வீட்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வரும் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். நீர் வற்றியிருக்கும். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் கொடுத்திருப்பார்கள். சில வேளை ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசியும் போயிருக்கும். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். அந்தக் குழந்தையின் கிரியேட்டினின் முன்பு 0.25 இருந்து இப்போது 0.55 ஆகியிருந்தால், இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கேடிகோ கணக்கில் அது திடீர் சிறுநீரகப் பாதிப்பின் இரண்டாம் கட்டம். உங்கள் ரிப்போர்ட் என்ன சொல்கிறது? 0.55, நார்மல் 0.6 முதல் 1.2, பக்கத்தில் ‘எல்’. சிறுநீரகம் பாதி நின்றுபோன குழந்தைக்குக் கிரியேட்டினின் ‘குறைவு’ என்கிறது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இதை நம்பி அடுத்த ஊசியையும் பழைய அளவிலேயே எழுதினால் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

இங்கே வயது அளவு மட்டும் போதாது, பழைய எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதே குழந்தைக்கு உங்களிடம் முன்பு எடுத்த முடிவு இருந்தால் தேதியோடு அதையும் அச்சிடுங்கள். நார்மலுக்குள் இருக்கிறதா என்பதைவிட, இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பிறவியிலேயே சிறுநீர்ப்பாதை அடைப்போடு பிறந்த பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் கிரியேட்டினின் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை வைத்தே பிற்காலத்தை ஊகிக்கிறோம். அந்த இறக்கம் ஒற்றை ரிப்போர்ட்டில் தெரியாது.

மற்ற எண்களுக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்பேட் பெரியவர்களுக்கு 2.5 முதல் 4.5. எலும்பு வளரும் கைக்குழந்தைக்கு 5-ம் 6-ம் இயல்பு. அதற்கு ‘எச்’ போட்டுவிடுகிறீர்கள். எலும்பு மெலியும் நோயுள்ள குழந்தைக்கு 3 வந்தால் ‘நார்மல்’ ஆகிவிடுகிறது. சிறுநீரகக் குழாய்கள் பாஸ்பேட்டை வீணாக்கும் நோய்களுக்கு அதுதான் முதல் தடயம், அது அங்கேயே தொலைந்துபோகிறது. பைகார்பனேட் கைக்குழந்தைகளுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பொட்டாசியம் பிறந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். போதாக்குறைக்கு, குதிகாலைப் பிசைந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்து அது இன்னும் ஏறும். சாம்பிளில் அணு உடைந்திருந்தால் தயவுசெய்து அதை ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். யூரியாவைப் பொறுத்தவரை, நீர் வற்றினாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும், குடலில் ரத்தம் கசிந்தாலும் ஏறும். அதை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தைப் பற்றி நான் எதுவும் பேசுவதில்லை.

தசை மெலிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தசைச் சிதைவு நோய், மூளை வாதம், கடும் ஊட்டக்குறைவு. அவர்களுக்கு வயதுக்கேற்ற அளவுகூட ஏமாற்றும், ஏனென்றால் வரத்தே குறைவு. அங்கே சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளப்பது உதவும். உடலின் கருவுள்ள செல்கள் எல்லாமே அதை உண்டாக்குவதால் தசையை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ஸ்டீராய்டும் தைராய்டு கோளாறும் அதையும் அசைக்கும் என்பது வேறு கதை. எல்லாருக்கும் அந்தச் சோதனை தேவையில்லை. கேட்டால் செய்து கொடுக்கும் வசதி ஊருக்கு ஓரிடத்திலாவது இருந்தால் போதும்.

உங்கள் பக்கத்துச் சிரமங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. நலமாக இருக்கும் குழந்தைகளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஒவ்வொரு நிலையமும் தனக்கென நார்மல் அளவு உருவாக்குவது நடக்காத காரியம். எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் வேண்டாம். அந்த வேலையைப் பிறர் செய்துவிட்டார்கள். கனடாவில் கேலிபர் என்ற திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான பிள்ளைகளிடம் அளந்து, வயது, பாலினம், இயந்திரம் வாரியாக அளவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் கிட்டோடு வரும் குறிப்புத் தாளிலும் பெரும்பாலும் குழந்தைகளுக்கான அளவுகள் சிறிய எழுத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதை ஒருமுறை சாஃப்ட்வேரில் ஏற்றி, உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்த்தால் முடிந்தது. வயது கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண், பெண் என்று பிரித்து ஹீமோகுளோபினுக்கு வேறு வேறு அளவு போடத் தெரிந்த சாஃப்ட்வேருக்கு வயதைப் பார்த்துப் போடவும் தெரியும்.

‘பொருள் சொல்வது மருத்துவர் வேலை, எங்கள் வேலை அளப்பது’ என்று ஒரு பதில் எனக்கு வந்ததுண்டு. ஏற்றுக்கொள்ள மாட்டேன். ‘எல்’ என்று தடித்த எழுத்தில் போட்ட கணத்திலேயே நீங்கள் பொருள் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்றால் குறியை எடுத்துவிடுங்கள், அதுவும் எனக்குச் சம்மதம். அதே சமயம், மருத்துவர்களாகிய நாங்கள் அனுப்பும் சீட்டில் பல வேளைகளில் உயரம் இருக்காது, பிறந்த தேதி இருக்காது, ‘பேபி’ என்று மட்டும் எழுதியிருக்கும். அதை நீங்கள் திருப்பி அனுப்புங்கள். திட்டினால் வாங்கிக்கொள்கிறோம்.

இவ்வளவையும் நாளைக்கே செய்ய முடியாது என்றால் வரிசை சொல்கிறேன். முதலில் வயது அளவு. கூடவே இரண்டாவது தசம இடம், அதற்கு ஒரு அமைப்பை மாற்றினால் போதும். பெரியவர்களின் ஈஜிஎஃப்ஆரைப் பதினெட்டு வயதுக்குக் கீழே நிறுத்துவதும் அப்படித்தான். என்சைம் முறை, பழைய எண்களைச் சேர்ப்பது எல்லாம் அப்புறம் வரட்டும்.

அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 0.6 அல்லது அதற்கு மேல் வந்தால், கணினி எந்தக் குறியும் போடாவிட்டாலும், ரிப்போர்ட் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாம்பிளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதே எண் வந்தால் அனுப்பிய மருத்துவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஒருவர்